பட்டாளத்துக்குப் போனவர்கள்: சேலம், ஏற்காடு குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் போர்க்காலத்தில் பணிக்குப் போனவர்களைப் பற்றிய தகவல்களைச் சேர்த்து வருகிறேன். பரணில் கிடந்த பதக்கம், ஓரம் கிழிந்த டிஸ்சார்ஜ் புத்தகம் (பணி முடிந்து விடுவிக்கும்போது கொடுத்தது), யார் யார் என்று தெரியாத குரூப் போட்டோ என்று எதையாவது எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. அடிக்கடி வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

போரில் பணியாற்றியவர் என்று யாரையெல்லாம் சேர்க்கிறீர்கள்?

துப்பாக்கி பிடித்தவர், பிடிக்காதவர் எல்லாரையும். பாலம் கட்டியவர், கண்ணிவெடி எடுத்தவர், லாரி ஓட்டியவர், ரொட்டி சுட்டவர், துணி வெளுத்தவர், முடி வெட்டியவர், காயம்பட்டவரை டோலியில் தூக்கியவர், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவர், தந்தி அடித்தவர், சாலைக்குக் கல் உடைத்தவர். "எங்க தாத்தா சும்மா சமையல்தாங்க" என்று தயங்கிக்கொண்டே சொல்கிறவர்கள் நிறையப் பேர். அந்தச் "சும்மா"வை எடுத்துவிட்டு மறுபடி சொல்லுங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஆயிரம் பேருக்கு மூன்று வேளையும் சோறு போடாமல் எந்தப் படையும் ஒரு வாரம் தாங்காது.

பழைய ராணுவத்தில் இவர்களுக்கு ஆங்கிலத்தில் 'ஃபாலோயர்' என்று பெயர், அதாவது பின்னால் வருகிறவர்கள். சம்பளம் சிப்பாயைவிடக் குறைவு, சீருடை குறைவு, மரியாதையும் குறைவு. ஆனால் குண்டு விழுந்தபோது அது ஆள் பார்த்து விழவில்லை. மெசப்பொட்டேமியாவில் (இன்றைய இராக்) காலராவும் வெயிலும் சிப்பாயையும் சமையல்காரரையும் ஒன்றாகத்தான் கொன்றன. முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 13 லட்சம் பேர் பணிக்குப் போனார்கள், 74,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. அந்த 13 லட்சத்தில் சண்டை போடாத பணியாளர்களும் லட்சக்கணக்கில் உண்டு.

எங்கள் சாதியில் பட்டாளத்துக்குப் போகும் வழக்கமே இல்லை என்கிறார்களே?

இப்படிச் சொல்கிறவர்கள் வீட்டிலேயே பட்டாளத்துப் பெட்டி இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பட்டாளம் என்றால் சில சாதிகளுக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை நம் தலையில் ஏற்றியதில் ஆங்கிலேயருக்குப் பெரிய பங்கு உண்டு. 1857க்குப் பிறகு, குறிப்பாக 1880களிலிருந்து, 'போர்க்குடிகள்' என்று ஒரு பட்டியல் போட்டார்கள். பஞ்சாபிகள், பட்டாணியர், கூர்க்காக்கள் பிறவி வீரர்கள் என்றும், தெற்கத்திக்காரன் சண்டைக்கு லாயக்கில்லை என்றும் அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். இத்தனைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படைதான் தென்னிந்தியாவையே அவர்களுக்குப் பிடித்துக் கொடுத்திருந்தது. 1758இல் தொடங்கிய மரபு மெட்ராஸ் ரெஜிமெண்டுடையது. இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படை அதுதான். அப்படிப்பட்ட படையின் பட்டாலியன்களை ஒவ்வொன்றாகக் கலைத்து, 1920களின் இறுதிக்குள் காலாட்படையில் மெட்ராஸ்காரருக்கு இடமே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

இந்த ஒதுக்கலில் அதிகம் இழந்தவர்கள் ஒடுக்கப்பட்ட மக்கள். 19ஆம் நூற்றாண்டில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையில் பறையர் சமூகத்தினர் பெருமளவில் இருந்தார்கள். ஊரில் தெருவுக்குள் நடக்க விடாதவர்களுக்குச் சீருடையும் சம்பளமும் படிப்பும் ஓய்வூதியமும் கொடுத்த இடம் அது. அந்தக் கதவைச் சாத்தியது வெறும் வேலை பறிபோன விஷயம் அல்ல.

இரண்டாம் உலகப்போர் வந்தது, ஆள் பற்றாக்குறை வந்தது. பட்டியல் மூலைக்குப் போயிற்று. 1939இல் ஏறத்தாழ இரண்டு லட்சமாக இருந்த இந்திய ராணுவம் 1945இல் 25 லட்சமாக இருந்தது. கட்டாய ஆள்சேர்ப்பு இல்லை, எல்லாரும் தாமாகச் சேர்ந்தவர்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் மறுபடி எழுந்தது. 1941இல் மகாராஷ்டிரத்தின் ஒடுக்கப்பட்ட மகார் சமூகத்தினருக்கான மகார் ரெஜிமெண்டும் உருவானது. சேலம் மாவட்டத்தில் விவசாயக் கூலிகள், நெசவாளிகள், பள்ளிக்கூடம் முடித்த இளைஞர்கள், எஸ்டேட் கணக்கர்கள் என்று யார் யாரோ ரயில் ஏறினார்கள். உங்கள் சாதியில் யாருமே போகவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு முறை கேளுங்கள்.

வெள்ளைக்காரனுக்காகத்தானே சண்டை போட்டார்கள்? இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

நியாயமான கேள்வி. 1942இல் சேலத்திலும் இதே கேள்விதான். காங்கிரஸ் 'வெள்ளையனே வெளியேறு' என்றது. முன்பு சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி அதில் மாறுபட்டு, ஜப்பான் வாசலில் நிற்கும்போது ஒத்துழைக்க வேண்டும் என்று காங்கிரசை விட்டு விலகினார். பெரியார் போருக்கு ஆதரவு. கம்யூனிஸ்டுகள் முதலில் எதிர்த்தார்கள், ஹிட்லர் சோவியத் நாட்டைத் தாக்கிய பிறகு நிலையை மாற்றிக்கொண்டார்கள். படித்த தலைவர்களே நாலு பக்கமாகப் பிரிந்து நின்றபோது, இருபது வயதுப் பையன் ஒருவன் எடுத்த முடிவை நாம் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது சரியில்லை.

அதோடு, பலர் போனது வயிற்றுக்காக. பர்மா அரிசி நின்றுபோய், விலைவாசி ஏறி, நூல் கிடைக்காமல் தறி நின்ற காலம் அது. மாதச் சம்பளம், மணியார்டர், மூன்று வேளைச் சாப்பாடு. குடும்பத்தைக் காப்பாற்றப் போனார் என்று எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை. நாட்டுக்காகப் போனார் என்பதைவிட அது சின்னக் காரணம் என்று நான் நினைக்கவும் இல்லை.

சேலத்துக்காரர் யாராவது ராணுவத்தில் உயர்ந்த பதவிக்கு வந்திருக்கிறார்களா?

தரைப்படையின் தலைமைத் தளபதியாகவே வந்திருக்கிறார். ஜெனரல் பி.பி. குமாரமங்கலம். அன்றைய சேலம் மாவட்டம் திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். தந்தை பி. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை மெட்ராஸ் மாகாணத்தின் முதன்மை அமைச்சர். மகன் பீரங்கிப் படை அதிகாரி. 1942இல் லிபியப் பாலைவனச் சண்டையில் காட்டிய துணிவுக்காக டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது பெற்றார். எதிரியிடம் பிடிபட்டு இத்தாலியிலும் ஜெர்மனியிலும் போர்க்கைதியாக இருந்தார். 1966 ஜூனில் தலைமைத் தளபதி ஆனார். 1967இல் சிக்கிம் எல்லையில் நாதுலாவிலும் சோலாவிலும் சீனப் படையோடு மோதல் நடந்தபோது ராணுவத்தின் தலைமையில் இருந்தவர் இவர்தான்.

இந்த வீட்டை நான் அடிக்கடி உதாரணம் காட்டுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. மூத்தவர் ஆங்கிலேய ராணுவத்தில் அதிகாரி, தம்பி மோகன் குமாரமங்கலமும் தங்கை பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்டுகள், தாய் ராதாபாய் மத்திய சட்டசபைக்குப் போன முன்னோடிப் பெண்களில் ஒருவர். ஒரே வீட்டுக்குள் இத்தனை வழிகள். உங்கள் வீட்டில் ஒரு தாத்தா பட்டாளத்திலும் இன்னொரு தாத்தா சிறையிலும் இருந்திருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இரண்டையும் எழுதுங்கள்.

எங்கள் அப்புச்சி சாப்பர்ஸில் இருந்தார் என்கிறார்கள். அவர்களுடைய வேலை என்ன?

படை முன்னேற வழி செய்வது, எதிரி முன்னேற முடியாமல் செய்வது. பாலம் கட்டுவார்கள், தேவைப்பட்டால் பாலத்தைத் தகர்ப்பார்கள். சாலை போடுவார்கள், குடிநீர் எடுப்பார்கள், கண்ணிவெடி அகற்றுவார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் 1780இல் தொடங்கியது, மையம் பெங்களூரு. இன்றும் ராணுவத்தில் அவர்களைப் பிரியமாகத் 'தம்பி' என்றுதான் அழைக்கிறார்கள். முள்வேலியைத் தகர்க்க நீளக் குழாயில் வெடிமருந்து அடைத்துத் தள்ளும் 'பெங்களூர் டார்பிடோ' உலகப் படைகள் பலவற்றிலும் பயன்பட்டது. அது பிறந்தது 1912இல் இந்தப் படையில்தான்.

சுபேதார் சுப்ரமணியன் என்ற பெயரை நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ் ஓட்டிவாக்கத்துக்காரர், மெட்ராஸ் சாப்பர்ஸ். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ என்ற இடம். கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருக்கும்போது கூட வந்த ஒருவரின் கால் பட்டு வெடி கிளம்பியது. அது வெடிக்கச் சில நொடிகள்தான் இருந்தன. அந்த நொடிகளில் விலகி ஓடியிருக்கலாம். அவர் அதன் மேல் விழுந்து தன் உடம்பால் மூடிக்கொண்டார். மற்றவர்கள் பிழைத்தார்கள். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர் அவர். காஞ்சிபுரத்துக்காரர் என்றாலும், அதே படையில் இருந்த உங்கள் அப்புச்சி அன்றாடம் செய்தது என்ன மாதிரி வேலை என்பது இதிலிருந்து தெரியும்.

பதக்கம் இருக்கிறது, ஆனால் எதற்குக் கொடுத்தது என்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒரு வேண்டுகோள். புளி போட்டோ, பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டோ தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், எழுத்துப் போய்விடும். அந்த எழுத்துதான் நமக்கு முக்கியம்.

முதல் உலகப்போர்ப் பதக்கம் வட்டமாக, காசு மாதிரி இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். முகப்பில் இருக்கும் ராஜா தலையை எல்லாரும் பார்க்கிறார்கள், விளிம்பை யாரும் பார்ப்பதில்லை. அந்த மெல்லிய ஓரத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் பொறித்திருக்கும். இருட்டறையில் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பதக்கத்தை மெதுவாகச் சுழற்றினால் தேய்ந்த எழுத்தும் நிழல் விட்டுத் தெரியும். சுற்றி வரப் பல படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே பதக்கம் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால் அலட்சியப்படுத்த வேண்டாம். தொழிலாளர் படையில் போனவர்களுக்குத்தான் வெண்கலத்தில் கொடுத்தார்கள். பிரான்சிலும் மெசப்பொட்டேமியாவிலும் சாலை போட்டவர்கள், கப்பல் சரக்கு இறக்கியவர்கள் அவர்கள். உலோகத்தில்கூடப் பேதம் பார்த்த காலம் அது. இன்று அந்த வெண்கலம் அரிதாகத்தான் கிடைக்கிறது.

ஆறு முனை நட்சத்திரம் என்றால் இரண்டாம் உலகப்போர். பர்மா, ஆப்பிரிக்கா, இத்தாலி என்று போர்முனை பெயர் நடுவட்டத்திலேயே இருக்கும். சிலவற்றின் பின்புறம் பெயர் பொறித்திருப்பார்கள், பலவற்றில் வெறுமையாக இருக்கும். சுதந்திரத்துக்குப் பிந்தியவை என்றால் ரக்ஷா மெடல் 1965 போர்க்காலத்தையும், சங்க்ராம் மெடல் 1971 போர்க்காலத்தையும் குறிக்கும். பூர்வி ஸ்டார் என்றால் 1971இல் வங்கதேச முனையில் இருந்தவர், பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு முனையில் இருந்தவர்.

பெண்கள் யாரும் போகவில்லையா?

போனார்கள். குடும்பத்தில் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் ராணுவ மருத்துவமனைகளில் இந்திய நர்சுகள் பணியாற்றினார்கள். 1942இல் தொடங்கிய பெண்கள் துணைப்படையில் ஏறத்தாழ 11,000 பேர் தட்டச்சு, தொலைபேசி, சங்கேதச் செய்தி, கணக்கு வேலைகளில் இருந்தார்கள். இவற்றில் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களும் அதிகம், ஏனென்றால் ஆங்கிலப் படிப்பும் வெளியே போக வீட்டில் அனுமதியும் அவர்களுக்குத்தான் முதலில் கிடைத்தது. கான்வென்டுகள் நிறைந்த ஏற்காட்டில் இதைக் கட்டாயம் தேட வேண்டும். பள்ளிப் பழைய மாணவியர் பட்டியலும் தேவாலயப் பதிவேடும் நல்ல தொடக்கம்.

சீருடை இல்லாமல் செய்தவர்களும் உண்டு. 1971 டிசம்பரில் குஜராத்தின் புஜ் விமான தளத்தின் ஓடுபாதையை எதிரி விமானங்கள் குண்டு போட்டுச் சிதைத்தபோது, பக்கத்து மாதாபர் கிராமத்தைச் சேர்ந்த சுமார் 300 பெண்கள் வந்து மூன்றே நாளில் அதைச் சரி செய்து கொடுத்தார்கள். கொத்துவேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிற பெண்களை நாம் தினமும் பார்க்கிறோம். நாட்டுக்கு அவசரம் என்றால் தேவைப்பட்டது அவர்கள் கைதான்.

எங்கள் பாட்டி மலாயாவில் ஐ.என்.ஏ.வில் (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) இருந்தாராம். நம்பலாமா?

தாராளமாக. நேதாஜி 1943இல் அமைத்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்தே இராதவர்கள் அவர்களில் ஏராளம். பால்வெட்டும் கத்தியைப் பிடித்த கை துப்பாக்கி பிடித்தது. தலைமை ஏற்றவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன், 1938இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தவர். அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் மலாயாவில் பிறந்த ஜானகி தேவர், பிற்காலத்தில் பத்மஸ்ரீ பெற்றவர். சேலம், நாமக்கல், திருச்சி மாவட்டங்களிலிருந்து கப்பலேறித் தோட்ட வேலைக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் இந்தப் படையில் இருந்ததில் வியப்பில்லை.

பாட்டியின் பெயர், அன்றைய தோட்டத்தின் பெயர், பயிற்சி முகாம் இருந்த ஊர், கூட இருந்தவர்களின் பெயர் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐ.என்.ஏ. ஆவணங்கள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அவர்களுடைய இணையதளமான 'அபிலேக் படல்' வழியாகத் தேடலாம்.

ஒரு தாத்தா ஐ.என்.ஏ., இன்னொருவர் ஆங்கிலேய ராணுவம். யார் செய்தது சரி?

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோது 40,000க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் ஜப்பானியரிடம் கைதியானார்கள். சிலர் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்கள். சேர மறுத்தவர்களில் பலரை நியூகினி போன்ற தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள், அங்கே பசியிலும் நோயிலும் அடியிலும் இறந்தார்கள். 1944இல் இம்பாலில் இரண்டு பக்கமும் இந்தியர் நின்றார்கள், தமிழர்களும் நின்றார்கள். படையில் சேரும்போது செய்த சத்தியத்தை மீறாதவரும், நாட்டுக்காக அந்தச் சத்தியத்தை விட்டவரும் கொடுத்த விலை பெரியது. என் குறிப்புகளில் இரண்டு பேருக்கும் ஒரே அளவு இடம்தான்.

சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களையும் சேர்ப்பீர்களா?

சேர்க்கிறேன், ஆனால் தனியாக. அவர்கள் விரும்பிப் பணிக்குப் போனவர்கள் அல்லர். 1942, 43 ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் பாதைக்காக மலாயாவிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களை ஏமாற்றியும் மிரட்டியும் கொண்டுபோனார்கள். இறந்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. நம்மவர்களுக்குப் பெரும்பாலும் பெயர்ப்பட்டியல்கூடக் கிடையாது. வீட்டில் யாருக்காவது ஒரு பெயர் நினைவிருந்தால் தயவுசெய்து இன்றே எழுதி வையுங்கள்.

போர்முனைக்குப் போகாமல் சேலத்திலேயே இருந்தவர்கள்?

ஏற்காடு போகும் வழியில் வெள்ளை வெளேரென்று தெரியும் மேக்னசைட் சுரங்கங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எஃகு உலையின் உட்சுவர் அந்தக் கொடும் சூட்டைத் தாங்க மேக்னசைட் செங்கல் வேண்டும். எஃகு இல்லாமல் பீரங்கி இல்லை, ரயில் இல்லை. அந்தக் கல்லை வெட்டி, பொறுக்கி, சுமந்த ஆண்களும் பெண்களும் போர்க்காலத் தொழிலாளர்கள்தான். அவர்கள் நுரையீரல் பட்ட பாட்டுக்கு யாரும் பதக்கம் தரவில்லை.

அதே ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸும் போரில் சம்பந்தப்பட்டது. படச்சுருள் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு கட்டுப்படுத்தியிருந்த காலம். போருக்கு ஆதரவான படம் எடுக்கவும் தயாரிப்பாளர்களை நெருக்கினார்கள். டி.ஆர். சுந்தரம் 1945இல் பர்மா போரை வைத்தே ஒரு படத்தைச் சேலத்தில் எடுத்து வெளியிட்டார்.

மலைக் கிராமங்களிலிருந்து போனவர்களைப் பற்றி ஏன் எதுவும் கிடைப்பதில்லை?

தாள் குறைவு, வாய்மொழி அதிகம், போய்க் கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் வீடுகளில் கேட்கும்போது ஆண்டு சொல்லிக் கேட்டால் பதில் வராது. மே மாதச் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு லீவில் வந்தாரா, அந்த வருஷம் காப்பி எப்படிக் காய்த்தது என்று கேட்டால் கதை தானாக வருகிறது. பிறகு நாம் ஆண்டைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பழங்குடியினர் பங்கு நாடு முழுவதும் குறைத்தே சொல்லப்பட்டிருக்கிறது. கோஹிமா சண்டையில் நாகா மக்கள் காயம்பட்டவர்களைச் சுமந்தார்கள், வழிகாட்டினார்கள், எதிரியின் நடமாட்டத்தைச் சொன்னார்கள். 1971இல் கங்காசாகரில் உயிர் கொடுத்துப் பரம் வீர் சக்ரா பெற்ற லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா இன்றைய ஜார்க்கண்டைச் சேர்ந்த ஆதிவாசி.

மதம் சார்ந்து பட்டியல் போடுகிறீர்களா?

இல்லை. 1965 போரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாபின் அசல் உத்தரில் ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பாகிஸ்தான் டாங்குகளை அடித்து நொறுக்கி உயிர்விட்ட ஹவில்தார் அப்துல் ஹமீது முஸ்லிம். டாங்குப் படையை நடத்தி இறந்த லெப்டினன்ட் கர்னல் தாராபூர் பார்சி. சின்ன 'நாட்' விமானத்தில் சேபர் விமானத்தை வீழ்த்திய கீலர் சகோதரர்கள் ஆங்கிலோ இந்தியர்கள். இவர்களுக்குத் தலைக்கட்டு வாரியாகப் பெருமை பிரித்துக் கொடுக்க முடியாது.

இலங்கைக்குப் போன அமைதிப்படை வீரர்களைச் சேர்ப்பீர்களா? ஊரில் இதைப் பேசவே தயங்குகிறார்கள்.

சேர்ப்பேன். 1987இல் போய் 1990 மார்ச்சில் திரும்பினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். மகார் ரெஜிமெண்டைச் சேர்ந்த தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று இறந்தார், பரம் வீர் சக்ரா பெற்றார். திரும்பி வந்தவர்களைச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. ஈழத் தமிழர்கள் அந்தப் படையால் பட்ட துன்பம் அதற்குக் காரணம், அந்தத் துன்பம் உண்மை. போ என்று அனுப்பியதால் போன சிப்பாயின் வலியும் உண்மை. தமிழ் பேசும் சிப்பாய் தமிழ் பேசும் ஊரில் துப்பாக்கியோடு நின்றதை நினைத்து இன்றும் தூக்கம் வராதவர்கள் இருக்கிறார்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், வாதம் செய்யாதீர்கள்.

பதிவேடுகளில் தேடினால் எங்கள் ஊரே வருவதில்லை. என்ன செய்வது?

பழைய சேலம் மாவட்டம் மிகப் பெரியது. தர்மபுரி 1965இல் பிரிந்தது, நாமக்கல் 1997இல், கிருஷ்ணகிரி 2004இல். ஆகவே 1940களின் தாளில் 'சேலம்' என்று இருந்தால் அது ஓசூராகவும் இருக்கலாம், பரமத்தியாகவும் இருக்கலாம். ஓசூர்க்காரர் கிருஷ்ணகிரி என்றோ தர்மபுரி என்றோ தேடினால் எதுவும் கிடைக்காது.

அடுத்தது எழுத்து. முத்துசாமி என்ற ஒரே பெயரை எழுத்தர்கள் ஆங்கிலத்தில் ஏழெட்டு விதமாக எழுதியிருப்பார்கள். 'முத்து'க்கு ஒரு எச், 'சாமி'க்கு ஒரு டபிள்யூ கூடும், குறையும். எல்லா விதத்திலும் போட்டுப் பாருங்கள்.

இரண்டு உலகப்போர்களிலும் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பல பதிவுகளில் தந்தை பெயர் அல்லது மனைவி பெயர், ஊர், மாவட்டம் இருக்கும். கல்லறை இல்லையே என்று கலங்க வேண்டாம். இந்து, சீக்கிய வீரர்களை எரியூட்டியதால் அவர்கள் பெயர்களைத் தனி நினைவுச் சுவர்களில் பொறித்திருக்கிறார்கள். கோஹிமாவில் மட்டும் அப்படி 917 பெயர்கள். உடல் கிடைக்காதவர்கள் 27,000 பேரின் பெயர்கள் மியான்மரின் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் உள்ளன.

உயிரோடு திரும்பியவர் என்றால் அந்தந்தப் படையின் ஆவண அலுவலகம்தான் வழி. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியின் வெலிங்டன், சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. படை எண் இல்லாமல் கடிதம் எழுதிப் பயனில்லை. எண் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கும், இல்லையென்றால் பென்ஷன் தாளில் இருக்கும். வாரிசு என்பதற்கான சான்றையும் இணைக்க வேண்டும்.

பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. உதவுவீர்களா?

அது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வேலை. சேலத்திலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் இருந்து ஓய்வூதியம் பெறாதவர்களுக்கும் அவர்களின் மனைவியருக்கும் மாநில அரசின் மாத உதவி உண்டு, அதையும் அங்கே கேளுங்கள். இடைத்தரகரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

என் மகள் ராணுவத்தில் சேர ஆசைப்படுகிறாள். இப்போது வழி இருக்கிறதா?

நிறைய. சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். நிரந்தரப் பணி உரிமையை உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதி செய்தது. ராணுவப் போலீசில் சிப்பாய்களாக முதல் பெண்கள் அணி 2021இல் வந்தது. தேசிய பாதுகாப்பு அகாடமி 2022 முதல் பெண்களைச் சேர்க்கிறது. கார்கில் போரிலேயே குஞ்சன் சக்சேனாவும் ஸ்ரீவித்யா ராஜனும் ஹெலிகாப்டர் ஓட்டினார்கள். ஓட்டமும் கணக்கும் இப்போதே தொடங்கட்டும்.

தாத்தா 1971இல் இருந்தவர். போரைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறார். எப்படிக் கேட்பது?

"எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். பேரப்பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான், அதோடு அவர் வாயை மூடிக்கொள்கிறார். சேலம் ஜங்ஷனில் யார் வழியனுப்பினார்கள், முதல் சம்பளம் எவ்வளவு, சப்பாத்தி எப்போது பழகியது, இந்தி யார் சொல்லிக் கொடுத்தார், பக்கத்துக் கட்டில்காரர் எந்த ஊர், வீட்டுக் கடிதம் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் மற்றதும் வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். செல்போனில் பதிவு செய்வதென்றால் முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், காணொளி வேண்டாம், குரல் போதும். அன்று இருபது வயது என்றால் இன்று எழுபதின் நடுவில் இருப்பார், ஆகவே அடுத்த பொங்கல் லீவுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

குரூப் போட்டோவில் தாத்தாவைத் தவிர வேறு யாரையும் தெரியவில்லை. அதனால் ஏதும் பயன் உண்டா?

உண்டு. தொப்பியின் சின்னம், தோளில் இருக்கும் எழுத்து, பின்னால் தெரியும் கட்டடம், கீழே ஸ்டுடியோவின் முத்திரை ஆகியவற்றை வைத்துப் படைப்பிரிவையும் ஊரையும் ஓரளவு பிடித்துவிடலாம். போட்டோவைச் சட்டத்திலிருந்து பிரித்துப் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள், பல போட்டோக்களில் பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன. பிரிக்கும்போது ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்க வேண்டாம், கண்ணாடியோடு அப்படியே கொண்டு வாருங்கள்.